பின்சீட்டில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த கார்: ஒரு கஞ்சிக்கோடு நிறுவனத்தின் நிகழ்வு ஆய்வு

வாளையாரைத் தாண்டினால் கேரளப் பக்கம் வரும் கஞ்சிக்கோட்டில், பம்புக்கும் வால்வுக்கும் வேண்டிய வார்ப்புகளை வாங்கி, கடைந்து, துளையிட்டு, ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர்களை அழைத்து வரவும் திரும்பக் கொண்டுபோய் விடவும் கம்பெனிக்கென்று ஒரு கார் வாங்கலாம் என்று முடிவானபோது, அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. எதை வாங்கினோம், எதை விட்டோம், ஏன் என்பதை முழுதாக எழுதுகிறேன். கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரத்தில் இதே அளவில் தொழில் நடத்துகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஷோரூமில் நம்மிடம் பேசப்படுவது எல்லாமே ஓட்டுகிறவருக்கான பேச்சு. பின்னால் உட்காரப்போகும் விருந்தாளிக்காகக் கார் பார்ப்பது வேறு வேலை.

வருகிறவர்கள்

எங்களிடம் வருகிறவர்கள் மூன்று வகை. ஐரோப்பாவிலிருந்து தர ஆய்வுக்கு வரும் பொறியாளர்கள். பெரும்பாலும் இரண்டு பேர், நெட்டையான ஆட்கள், ஆளுக்கொரு பெரிய பெட்டி. அடுத்து, ஜப்பானிய வணிக நிறுவனத்தார். மூன்றாவது, புனே, ராஜ்கோட் பக்கத்திலிருந்து விலை பேச வரும் உள்நாட்டு வாடிக்கையாளர்கள். இவர்களில் வயதானவர்கள் அதிகம், முழங்கால் வலி இருக்கிறவர்களும் உண்டு.

பெரும்பாலானவர்கள் இறங்குவது கோவை விமான நிலையம். பீளமேட்டிலிருந்து நீலாம்பூர் போய், பைபாஸில் மதுக்கரை வந்து, க.க.சாவடி, வாளையார், கஞ்சிக்கோடு. சிலர் கொச்சி நெடும்பாசேரியில் இறங்குவார்கள். அப்போது திருச்சூர், குதிரான் சுரங்கப்பாதை, வடக்கஞ்சேரி, ஆலத்தூர் வழியாக நீண்ட பயணம். 2021 ஜூலை கடைசியில் குதிரானின் முதல் குகை திறந்த பிறகு அந்த மலையேற்ற நெரிசல் ஓய்ந்தது. அதற்கு முன்பு கொச்சியில் இறங்குகிறவர்களிடம் எப்போது வந்து சேர்வோம் என்று சொல்லவே முடியாது.

அதுவரை வாடகை வண்டிதான் வைத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் வேறு வண்டி, வேறு டிரைவர். ஒன்றில் ஏசி பின்பக்கம் எட்டாது, ஒன்றில் சந்தன வாசனை மூக்கை அடைக்கும், ஒன்றில் டிரைவர் வாளையார் வரைக்கும் போனில் பேசிக்கொண்டே வருவார். ஆய்வுக்கு வருகிறவர் எங்கள் தொழிற்சாலையைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் காரில் ஒரு மணி நேரம் இருந்துவிடுகிறார். மெஷின் ஷாப்பில் எண்ணெய்க் கறை இல்லாமல் தரையைத் துடைத்து வைத்து என்ன பயன்? அவர் மனதில் முதல் குறிப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அடக்கமாக இருக்க வேண்டும் என்றது ஏன்

எங்கள் முதலாளி கொழிஞ்சாம்பாறைக்காரர். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். சொந்த உபயோகத்துக்குப் பெரிய வண்டி வாங்க அவருக்கு வசதி உண்டு. ஆனால் கம்பெனிக் கார் பளபளவென்று இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். மார்க்கெட்டிங் தம்பி, பெரிய எஸ்யூவியாக, சன்ரூஃப் வைத்ததாக வாங்கினால்தான் கம்பெனிக்கு மதிப்பு என்றார். முதலாளி சொன்ன பதில் இது: "விலை பேச வர்றவரை அம்பது லட்சத்து வண்டியில கூட்டிட்டு வந்தா, நம்ம லாபம் எங்க இருக்குன்னு அவரே கண்டுபிடிச்சுருவாரு."

இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஒரு கிலோ வார்ப்புக்குச் சில ரூபாய் கூட்டித் தாருங்கள் என்று கேட்கும் மேசைக்கு, வாசலில் நிற்கும் கார் எதிர்சாட்சியாக வரக் கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றில் ஆய்வாளர்கள் என்ன உபசரிப்பை ஏற்கலாம் என்பதற்கு எழுத்தில் விதி இருக்கிறது. ஆடம்பரமான உபசரிப்பு அவர்களைச் சங்கடப்படுத்தும். அப்புறம் எங்கள் ஆட்கள். ஓணத்துக்கு முன்னால் மலையாளத் தொழிலாளர்களுக்கு போனஸ் பேச்சு, தீபாவளிக்கு முன்னால் தமிழ்த் தொழிலாளர்களுக்கு. இந்த இரண்டு பேச்சும் நடக்கும் வாசலில் எந்தக் கார் நிற்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

அதற்காக மலிவாகவும் இருக்கக் கூடாது. நல்ல தையற்காரர் தைத்த சட்டை மாதிரி இருக்க வேண்டும்: யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், கிட்டே வந்தால் தையல் நேர்த்தி தெரியும். அந்த அளவுகோலைத்தான் கடைசிவரை கையில் வைத்திருந்தோம்.

பட்டியலில் வந்தவையும் போனவையும்

பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் இந்தத் தேவைக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. நடுத்தர செடான்கள் வரிசையாக இருந்தன. இன்று சந்தை எஸ்யூவி பக்கம் சாய்ந்துவிட்டது. இந்த வேலைக்கென்றே செய்தது போலிருந்த மாருதி சியாஸ் 2025-இல் நின்றுபோனது. அதன் பின்சீட்டின் தாராளம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்கோடா ஆக்டேவியா 2023-இலேயே செடான் பட்டியலிலிருந்து போய்விட்டது. மிஞ்சியதில் நாங்கள் எடுத்துக்கொண்டது ஹோண்டா சிட்டி, ஹுண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ். கூடவே மாற்றாக டொயோட்டா இன்னோவா ஹைக்ராஸ்.

டொயோட்டா கேம்ரி மேல் முதலாளிக்கு ஒரு கண் இருந்தது. ஓடும்போது சத்தமே கேட்காத ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது), பின்சீட்டும் அருமை. ஆனால் ஷோரூம் விலையே 45 லட்சத்தைத் தாண்டுகிறது. அவர் சொன்ன காரணத்தாலேயே அது விழுந்தது.

ஹைக்ராஸை விட எனக்கு மனம் வரவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,850 மில்லிமீட்டர். நடு வரிசையில் தனித்தனி நாற்காலி. குனியாமல் ஏறலாம், முழங்கால் வலிக்காரருக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது. ஆனால் எங்கள் எல்லைச் சாலையில் இன்னோவா என்றாலே குருவாயூர் கல்யாணப் பார்ட்டி, சபரிமலைக் குழு, இல்லாவிட்டால் கட்சிக்காரர். விமான நிலைய வாசலில் வரிசையாக நிற்கும் வாடகை இன்னோவாக்களுக்கு நடுவில் எங்கள் வண்டியும் ஒன்றாகக் கலந்துவிடும். வருகிறவர் இரண்டு பேர், வண்டியோ ஏழு பேருக்கானது. நகரத்துக்குள் ஹோட்டல் வாசல்களில் திருப்புவதும் சிரமம். மூன்று நாலு பேர் சேர்ந்து வரும் நாளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டோம்.

மின்சாரக் கார் பற்றிப் பேச்சு நீண்டது. ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். சத்தம் இல்லை. விமானம் தாமதமானால் எஞ்சினை ஓடவிடாமலே ஏசியைப் போட்டு உட்காரலாம். வாடிக்கையாளர் வண்டிக்கு இதெல்லாம் பொருத்தமான குணங்கள். தடையாக நின்றது தரை உயரம். பேட்டரி அடியில் இருப்பதால் பின்னால் கால் வைக்கும் தரை உயர்ந்து, உட்கார்ந்தால் முழங்கால் மேலே வந்து, தொடைக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகிறது. நாங்கள் உட்கார்ந்து பார்த்தவற்றில் இந்தக் குறை இல்லாதவை ஒன்று மிகப் பெரியவை, இல்லையென்றால் முன்னும் பின்னும் விளக்குப் பட்டை மின்னும் தோற்றத்தோடு வருபவை.

சிட்டியின் ஹைப்ரிட் வகை நகர நெரிசலில் பட்டுப்போல ஓடுகிறது. ஆனால் பேட்டரி டிக்கியில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மிஞ்சுவது 306 லிட்டர். சாதாரண பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டர், வெர்னாவில் 528, ஸ்லாவியாவிலும் விர்ட்டஸிலும் 521. ஐரோப்பியப் பெட்டி இரண்டு 306-இல் அடங்காது. ஒன்றை முன்சீட்டில் வைத்துக்கொண்டு வருவது மரியாதையாக இருக்காது. அதோடு அந்த வகை முடிந்தது.

டிரைவர் அண்ணன் சொன்ன வழி

எங்கள் டிரைவர் அண்ணன் ஆறடிக்கு ஒட்டின உயரம். வேலந்தாவளத்துக்காரர், லாரியும் ஓட்டியிருக்கிறார், முதலாளி வீட்டுக் காரும் ஓட்டியிருக்கிறார். முதல் ஷோரூமில் நான் நேராக ஸ்டியரிங் பக்கம் போனபோது அவர் சொன்னார்: "அதை நான் பாத்துக்கறனுங்க. நீங்க பின்னால உக்காருங்க தம்பி. வண்டி எப்படீன்னு அங்கதான் தெரியும்."

இந்த ஆய்வின் சாரம் அவ்வளவுதான். அதன் பிறகு எந்த வண்டியையும் நான் ஓட்டவில்லை. அவர் தன் உயரத்துக்குச் சீட்டைத் தள்ளி வைத்துக்கொள்வார். அவருக்குப் பின்னால் நான் உட்காருவேன். விளம்பரத்தில் தாராளமாகத் தெரியும் காலிடம், உயரமான டிரைவர் உட்கார்ந்ததும் சுருங்கிவிடுகிறது. இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் பெரியவர் உட்காருவது பின்னால் இடது பக்கம். முன்சீட்டை நகர்த்திக் காலை நீட்டலாம், நடைபாதைப் பக்கம் இறங்கலாம். ஜப்பானிய வணிக வழக்கில் டிரைவருக்கு நேர் பின்னால் உள்ள இடமே மூத்தவருக்குரியது. அவர்கள் ஊரிலும் நம்மைப் போல ஸ்டியரிங் வலது பக்கம்தான். ஆகவே அவர்களில் மூத்தவர் தாமாகவே வலது பக்கம் போய் ஏறுவார். நாம் இடது பக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் ஒரு குழப்பம் நடக்கும். வலது பக்கமும் இடம் சமமாக இருந்தால்தான் அந்த மூத்தவர் சௌகரியமாக வருவார். கோவையிலிருந்து வரும்போது வாளையார் மலைகள் வலது கைப்பக்கம் கிட்டத்தில் வருவதால், அந்தப் பக்கம் உட்காருகிறவருக்கு மலை நன்றாகத் தெரியும் என்பது ஒரு கூடுதல் நன்மை.

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வரும் டெஸ்ட் டிரைவ் எங்களுக்குப் போதவில்லை. முன்கூட்டியே பேசி, நீலாம்பூர் முதல் மதுக்கரை வரை பைபாஸில் ஒரு ஓட்டம், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைச் சாலையில் ஒரு ஓட்டம் என்று கேட்டு வாங்கினோம். முதல் சாலை இருவழிதான். லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, இடைவெளி கிடைக்கும்போது முந்தி, மறுபடி ஊர்ந்து போக வேண்டும். இரண்டாவது சாலையில் பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் அதிகம்.

சோதனை இப்படி. எங்கள் தரப் பிரிவுப் பொறியாளர் ஒரு பாகத்தின் வரைபடத்தை ஏ4 தாளில் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். அதில் உள்ள அளவுகளையும் டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு விலகல்) எண்களையும் வரிசையாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். வருகிற ஆய்வாளர்கள் காரில் செய்வதும் இதைத்தான். மடிக்கணினியிலோ தாளிலோ எதையாவது பார்த்துக்கொண்டே வருவார்கள். எங்கே அவர் வரியைத் தவறவிடுகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டேன். ஒரு வண்டி வேகத்தடையில் இறங்கிய பிறகும் இரண்டு தடவை ஆடி அடங்கியது, படிப்பு நின்றுவிட்டது. இன்னொன்று சின்னப் பள்ளத்தில்கூட டக்கென்று தட்டியது, ஆனால் உடனே நிலைப்பட்டது. அவர் நிறுத்தாமல் படித்தார். முதல் வண்டி ஷோரூம் வாசலில் மெத்தென்று இருந்தது, இரண்டாவது கொஞ்சம் கடினமாகத் தெரிந்தது. அரை மணி நேரம் போன பிறகு தலைசுற்றல் வந்தது மெத்தென்று இருந்ததில்தான். பின்சீட்டு சொகுசு என்று நாம் நினைப்பதும் உடம்பு ஏற்பதும் வேறு என்று அன்றைக்குப் புரிந்தது.

கணக்குப் பிரிவுச் சேச்சியையும் கூட்டிப்போனேன். அவர் சேலையில் ஏறி இறங்கிப் பார்த்தார். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கால் வைக்கும் விளிம்பு உயரமா, கூரை தலையில் இடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெர்னாவின் கூரை பின்னால் சரிவாக இறங்குவதால் இரண்டு தடவையும் குனிந்துதான் ஏறினார். "அழகுண்டு, பக்ஷே பிராயமானவர்க்கு இது பற்றில்ல" (அழகுதான், ஆனால் வயதானவர்களுக்கு இது ஒத்துவராது) என்று முடித்துவிட்டார். வெர்னாவின் முகப்பில் அகலம் முழுக்க ஓடும் விளக்குப் பட்டை எங்கள் அடக்கக் கணக்குக்கும் ஒத்துவரவில்லை. ஓட்டுவதற்கு நல்ல வண்டி அது, சந்தேகமில்லை.

ஏசிக்கு, வண்டியைப் பகல் வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு, ஏறியதும் பின்சீட்டில் கழுத்துக்குக் காற்று எட்ட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தோம். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரல் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். முன்சீட்டுக்குக் காற்றோட்டம் தரும் வசதியைப் பெரிதாகச் சொல்லி விற்கிறார்கள். விருந்தாளி முன்னால் உட்காருவதே இல்லை. சன்ரூஃபும் அப்படித்தான். அந்தக் கண்ணாடியும் அதன் தடமும் கூரைக்குள் இடம் பிடிப்பதால் நெட்டையானவருக்குத் தலைக்கு மேல் உள்ள இடம் குறைகிறது. எங்கள் வெயிலில் அதைத் திறக்கப்போகிறவர் யார்?

எஞ்சினும் கியரும்

கடைசியில் நின்றது சிட்டி பெட்ரோல் சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்), விர்ட்டஸ், ஸ்லாவியா. பின் இரண்டும் அடிப்படையில் ஒரே வண்டி. புனே பக்கத்தில் உள்ள சாகணில் ஒரே இடத்தில் தயாராகின்றன. சக்கர இடைவெளி இரண்டிலும் 2,651 மில்லிமீட்டர், சிட்டியில் 2,600. ஆனாலும் சிட்டியின் பின்சீட்டுக் காலிடம் இவற்றுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. சிவிடி கியர் மாறும் உதறலே இல்லாதது. நெரிசலில் பின்னால் இருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். லாரியை முந்தும்போது எஞ்சின் ஒரே சுருதியில் இரைவது மட்டும் உறுத்தும்.

சிட்டியில் எங்களைத் தயங்க வைத்தது தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி. அதில் 165 மில்லிமீட்டர், ஸ்லாவியா, விர்ட்டஸில் 179. நாலு பேரும் இரண்டு பெட்டியும் ஏறிய பிறகு கொழிஞ்சாம்பாறை வேகத்தடையில் அந்த 14 மில்லிமீட்டர் தன்னைக் காட்டியது. சிட்டி ஒரு இடத்தில் அடி தட்டியது. விருந்தாளி காதில் அந்த உரசல் சத்தம் விழக் கூடாது. பாதுகாப்பும் ஒரு காரணம்: 2023-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் ஸ்லாவியாவும் விர்ட்டஸும் பெரியவர்கள், குழந்தைகள் இரண்டு பிரிவிலும் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருந்தன. வெர்னாவும் அதே ஆண்டு வாங்கியது.

விர்ட்டஸில் 1.5 லிட்டர் எஞ்சின் 150 குதிரைத்திறன் தருகிறது, ஏழு வேக டிஎஸ்ஜி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியருடன். 1.0 லிட்டர் 115 குதிரைத்திறன், ஆறு வேக சாதாரண ஆட்டோமேட்டிக் கியருடன். பேப்பரில் 1.5-தான் உயர்ந்தது. பைபாஸில் லாரிக்குப் பின்னால் ஊரும்போது கதை மாறியது. டிஎஸ்ஜி கிளட்ச் பிடித்து விடும் ஒவ்வொரு தடவையும் பின்சீட்டில் லேசான தள்ளல் தெரிந்தது. கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆறு வேக கியரில் அது இல்லை. மூன்று சிலிண்டர் எஞ்சின் என்பதால் நின்றிருக்கும்போது 1.0-இல் மெல்லிய அதிர்வு தெரிகிறது, ஓடத் தொடங்கினால் மறைந்துவிடும். இரண்டில் எது தேவலாம் என்று கேட்டால், ஊர்வதில் தள்ளாத வண்டி என்பதே என் தீர்ப்பு. 1.5 வகை சிவப்பு பிரேக் காலிப்பரும் ஜிடி எழுத்தும் சேர்ந்து வருவது. வாலிபப் பையன் வண்டி மாதிரி தோற்றம். அதுவும் எங்களுக்கு வேண்டாம்.

விர்ட்டஸா ஸ்லாவியாவா என்பது கடைசியில் ரசனைதான். எங்களுக்கு வேண்டியபடி சன்ரூஃப் இல்லாத நடு வகை, 1.0 ஆட்டோமேட்டிக், பின்பக்க ஏசி துளைகளுடன், அடர் சாம்பல் நிறம். விர்ட்டஸில் அது கிடைத்தது, ஷோரூம் விலை 15 லட்சத்துக்குள். வெள்ளையை ஒதுக்கியதற்குக் காரணம் வாடகை வண்டிகள் எல்லாம் வெள்ளை. கறுப்பு வெயிலில் கொதிக்கும். வடகரைப்பதி, எருத்தேன்பதிப் பக்கத்துக் கரிசல் மண் தூசி அதில் உடனே தெரியும். சாம்பல் நிறத்தில் இரண்டு நாள் கழுவாவிட்டாலும் வண்டி முகம் வாடாது.

வரியும் நம்பர் பிளேட்டும்

இந்தப் பகுதியைச் சேச்சி பார்த்துக்கொண்டார். சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் புது ஜிஎஸ்டி. பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள்ளும், நீளம் 4 மீட்டருக்குள்ளும் இருந்தால் 18 சதவீதம், இல்லாவிட்டால் 40. விர்ட்டஸ் எஞ்சின் 999 சிசிதான், ஆனால் நீளம் 4,561 மில்லிமீட்டர் என்பதால் 40 சதவீதத்தில் விழுகிறது. முன்பு செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 45 சதவீதமாக இருந்தது. டிரைவரையும் சேர்த்து 13 பேருக்கு மேற்படாத பயணி வாகனத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியை, வாடகைக்கு விடும் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, உள்ளீட்டு வரியாக, அதாவது நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, திரும்ப எடுக்க முடியாது. வாடிக்கையாளர் வண்டிதானே என்று எடுத்துக்கொண்டு பிறகு வட்டியோடு கட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன. எடுக்காத வரியை வண்டியின் விலையோடு சேர்த்து ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் விலையோடு சேர்த்து வசூலிக்கும் 1 சதவீத வரி, நம் வருமான வரியில் வரவு வைக்கப்படும்.

கோவையில் பதிவு செய்துவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. முதலாளிக்கு அங்கே வீடு உண்டு. ஆனால் வண்டி நிற்கப்போவது கஞ்சிக்கோட்டில். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. சாலை வரியை இரண்டு தடவை பார்க்கும் தலைவலி எதற்கு? பாலக்காட்டு டீலரிடமே வாங்கி, கேஎல் 09 எண் போட்டோம். வெள்ளை பிளேட் போதும். விருந்தாளிகளை இலவசமாகத்தான் அழைத்து வருகிறோம். அவர்களிடமோ அவர்கள் நிறுவனத்திடமோ பயணக் கட்டணம் என்று பில் போட்டால் அது வாடகை வண்டியாகிவிடும், பெர்மிட்டும் மஞ்சள் பிளேட்டும் வேண்டும். காப்பீட்டில், பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பும் டிரைவருக்கான காப்பும் கேட்டுச் சேர்த்தோம். கேட்காவிட்டால் விட்டுவிடுவார்கள்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லி டீலர் வற்புறுத்தினார். பக்கக் கண்ணாடியில் 50 சதவீதம், முன்பின் கண்ணாடிகளில் 70 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது விதி. அந்த அளவுக்குள் இருந்தால் ஒட்டலாம் என்று 2024-இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்ன பிறகு கொஞ்சம் தளர்வு வந்திருக்கிறது. அந்த வரம்புக்குள், வெப்பத்தைத் தடுக்கும் நிறமற்ற வகையைப் போட்டோம். திரைச்சீலை வேண்டவே வேண்டாம். 2021 ஜனவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை அதற்கென்றே தனிச் சோதனை நடத்தியது. வழியில் விருந்தாளியோடு நிறுத்தப்பட்டால், எவ்வளவு நல்ல கார் இருந்தும் என்ன?

ஓடத் தொடங்கிய பிறகு

வண்டி வந்ததும் செய்தது சில மாற்றங்கள்தான். பின்சீட்டு பெல்ட் கொக்கிகள் மெத்தைக்குள் புதைந்து கிடந்தன; அவற்றை எடுத்து நிமிர்த்தி வைப்பது டிரைவர் அண்ணனின் காலை வேலை. பின்னால் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பியர் ஏறியதும் முதலில் கொக்கியைத்தான் தேடுவார். சிக்னலில் எஞ்சினைத் தானாக நிறுத்தும் வசதியை, வெயில் காலத்தில் விருந்தாளி இருக்கும்போது அணைத்து வைக்கிறார். இல்லாவிட்டால் ஏசி குளிர்ச்சி குறைகிறது. வாசனைப் புட்டி கிடையாது. கதவுப் பையில் தண்ணீர், பெரிய குடை ஒன்று. பாலக்காட்டு ஜூன் மழையில் காரிலிருந்து ரிசப்ஷன் வரை போவதற்குள் சட்டை நனைந்துவிடும். கம்பெனி பெயரைக் கதவில் எழுதலாமே என்று மார்க்கெட்டிங் தம்பி கேட்டார். விமான நிலையத்தில் பிடிக்கும் பலகையில் மட்டும் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பெட்ரோலை கோவைப் பக்கமே நிரப்பிக்கொள்கிறோம். 2023-இல் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ் போட்ட பிறகு விலை வித்தியாசம் இன்னும் கூடிவிட்டது.

குறைகள் இருக்கின்றன. பின்சீட்டின் நடுவில் தரை மேடாக இருப்பதால் மூன்றாவது ஆள் கால் வைக்கத் திண்டாடுவார். பின்னால் இரண்டு பேர்தான் என்று வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி உள்ள ராஜ்கோட் பெரியவர் இன்னமும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார். செடானின் தாழ்வான சீட்டுக்கு மருந்து இல்லை. அவர் வரும் நாளில் மட்டும் வாடகைக்கு உயரமான வண்டி எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். ஆனால் வாடகை வண்டிப் பிரச்சினை மறுபடி வரும் என்பதால், டிரைவர் அண்ணனையே அதை ஓட்டச் சொல்லி ஏற்பாடு செய்யப் பார்க்கிறேன். நாலு பேர் சேர்ந்து வந்தபோது அப்படித்தான் செய்தோம், அது சரியாக வந்தது.

குதிரான் குகைக்குள் ஜன்னலை மூடிக்கொண்டு போகும்போது டயர் சத்தம் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உள்ளே வருகிறது. அடுத்த டயர் மாற்றத்தில், அதே 205/55 ஆர்16 சைஸில் சத்தம் குறைந்த வகையைப் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.